குளிர்காலத்தில் ஒரு தேனீப் பெட்டியில் ஓசையே இல்லை: திறந்து பார்க்கலாமா?

கேள்வி

வணக்கம். தேனீ வளர்ப்பில் எனக்கு இது முதல் குளிர்காலம். என்னிடம் இரண்டு பெட்டிகள் உள்ளன. இரண்டிலும் இருப்பவை ஐரோப்பியத் தேனீக்கள். மூன்று வாரங்களாகப் பகலிலும் வெப்பநிலை 5 டிகிரி செல்சியசைத் தாண்டவில்லை. முதல் பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தால் மெல்லிய இரைச்சல் கேட்கிறது; ஆனால் அதன் மூடியின் ஓரத்தில் ஈரம் கசிந்திருக்கிறது. இரண்டாவது பெட்டியில் எந்த ஓசையும் இல்லை, வாயிலில் இறந்த தேனீக்கள் குவிந்து கிடக்கின்றன. குளிர் தொடங்கும் முன் பெட்டிகளை எடைபோட்டு வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேனடை கட்டியிருக்கும் மரச் சட்டங்களை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு மனம் சொல்கிறது. திறந்தால் இருப்பவற்றையும் கொன்றுவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1

தயவுசெய்து சட்டங்களை இப்போது உருவாதீர்கள். வெப்பநிலை ஏறத்தாழ 14 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே தேனீக்கள் நெருங்கித் திரளத் தொடங்கிவிடும். வெளிச்சுற்றில் இருப்பவை தலையை உள்நோக்கி வைத்துப் போர்வைபோல் மூடி நிற்க, உள்ளே இருப்பவை சிறகை அசைக்காமலேயே பறக்கும் தசைகளை அதிரச் செய்து வெப்பம் உண்டாக்குகின்றன. ஒரு சட்டத்தை எடுத்தால் அந்தத் திரள் பிளந்துபோகும். சிதறிய தேனீ குளிரில் விறைத்து, திரும்பிச் சேர முடியாமல் இறக்கும். ராணி அப்படி விழுந்துவிட்டால், இணைசேர ஆண் தேனீக்கள் இல்லாத இந்தப் பருவத்தில் அக்குடும்பத்துக்கு மீட்சியில்லை.

வெளியிலிருந்தே அறியக்கூடியது ஏராளம். முதலில் ஒரு வளைந்த கம்பியால் இரண்டாவது பெட்டியின் வாயிலில் உள்ள இறந்த தேனீக்களை மெதுவாக வெளியே இழுத்துவிடுங்கள். குளிர்காலம் முழுவதிலும் சில நூறு தேனீக்கள் இறப்பது இயல்பு. அவை வாயிலை அடைத்துக் காற்றோட்டத்தைத் தடுப்பதுதான் ஆபத்து. பிறகு பெட்டியை விரல் மூட்டால் ஒருமுறை தட்டிவிட்டுக் காதை வையுங்கள். உயிருள்ள குடும்பம் சட்டென்று இரைந்து, சில நொடிகளில் அடங்கும். பெட்டியின் அடிப்பலகைக்குக் கீழே இழுப்புத் தட்டு இருந்தால் அதையும் பாருங்கள். தேனீக்கள் தேன் அறைகளின் மூடியைக் கடித்துத் திறக்கும்போது உதிரும் மெழுகுத் துகள்கள் அதில் கோடு கோடாக விழுந்திருக்கும். எத்தனை கோடுகளோ, சட்டங்களுக்கு நடுவிலுள்ள அத்தனை இடைவெளிகளில் திரள் பரவியிருக்கிறது என்று பொருள். பெட்டியைத் தொடாமலே இவ்வளவையும் சொல்லிவிடும் இந்தத் தட்டைப் பலர் கவனிப்பதே இல்லை.

எடைக்கு, ஒரு தொங்கு தராசால் பெட்டியின் ஒரு பக்கத்தைச் சற்றே தூக்கி அளவைக் குறித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தையும் அவ்வாறே தூக்கி இரண்டையும் கூட்டுங்கள். வெற்றுப் பெட்டியின் எடையைக் கழித்தால் இருப்பு ஓரளவு தெரியும்.

பதில் 2

எடை குறைவாக இருந்தால் சர்க்கரைப் பாகு வைத்துவிடுங்கள். குளிருக்கு முன் நான் எப்போதும் அதைத்தான் கொடுக்கிறேன், தேனீக்கள் விரைவாக எடுத்துக்கொள்கின்றன.

பதில் 3

மேலே கூறப்பட்டது குளிருக்கு முன் சரி. இப்போது பாகு கொடுப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். இந்தக் குளிரில் தேனீக்கள் திரளைவிட்டு வந்து பாகை எடுக்காது. எடுத்தாலும் அதிலுள்ள நீரை ஆவியாக்க வேண்டியிருப்பதால் பெட்டியில் ஈரம் கூடும். இப்போது உகந்தது கெட்டியான சர்க்கரைதான். சட்டங்களின் மேல், திரளுக்கு நேர் மேலே ஒரு செய்தித்தாளை விரித்து, சற்றே நீர் தெளித்த வெள்ளைச் சர்க்கரையை அதில் பரப்பி மூடிவிடுங்கள். காற்றில்லாத நண்பகலில் மூடியை அரை நிமிடம் தூக்குவதால் திரள் கலையாது. பசியால் ஒரு குடும்பம் அழியும் ஐயம் இருக்கும்போது இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஈரத்தைப் பற்றி: ஒரு கிலோ தேனைத் தேனீக்கள் உண்டு எரிக்கும்போது ஏறத்தாழ 0.67 லிட்டர் நீர் ஆவியாக வெளிவருகிறது. அது குளிர்ந்த மூடியில் பட்டு நீராகித் திரளின்மேல் சொட்டுவது கடுங்குளிரைவிடக் கொடியது. மூடிக்குமேல் வெப்பம் காக்கும் பலகை ஒன்றை வைத்து, பெட்டியை வாயில் பக்கம் சற்றே சாய்த்துவிடுங்கள். ராணித் தடுப்புத் தகடு உள்ளே இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். தேனைத் தேடித் திரள் மேலேறும்போது, தகடு இருந்தால் ராணி மட்டும் கீழே தங்கி விறைத்துவிடுவாள்.

கேள்வி கேட்டவர்

தகடு இல்லை, குளிருக்கு முன்பே எடுத்துவிட்டேன். முதல் பெட்டி தட்டியதும் இரைந்து அடங்கியது. தட்டில் ஐந்து கோடுகள் இருந்தன. ஆனால் அது மிகவும் இலேசாக இருந்ததால் நேற்று நண்பகலில் சர்க்கரை வைத்து, மேலே பலகையும் இட்டேன். மூடியைத் தூக்கியபோது சட்டங்களின் உச்சியிலேயே தேனீக்கள் நின்றிருந்தன. இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

இரண்டாவது பெட்டி போய்விட்டது. வாயிலைத் துப்புரவு செய்து மூன்று முறை தட்டியும் அசைவில்லாததால் திறந்தேன். ஒரு கைப்பிடி அளவே இருந்த தேனீக்கள், அறைகளுக்குள் தலையைப் புதைத்தபடி இறந்திருந்தன. இரண்டு சட்டங்கள் தள்ளி மூடிய தேன் நிறைய இருக்கிறது. உணவு இருந்தும் ஏன் இறந்தன? அந்தத் தேன் சட்டங்களை முதல் பெட்டிக்குக் கொடுக்கலாமா?

பதில் 1

வருந்துகிறேன். தலையைப் புதைத்த நிலை பட்டினியின் அடையாளம். தேன் இருந்தும் பட்டினி ஏன் என்றால், சிறிய திரளால் கடுங்குளிரில் தன் வெப்பத்தைக் காத்துக்கொண்டே பக்கவாட்டில் நகர முடியாது. ஆகவே, அக்குடும்பம் ஏன் அவ்வளவு சிறுத்தது என்பதே உண்மையான கேள்வி. புழு வளர்ந்த அறைகளின் மேற்கூரையை ஒளியில் சாய்த்துப் பாருங்கள். உப்புத் தூள்போல் வெண்புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை வர்ரோவா உண்ணியின் எச்சம். குளிர்காலத்தைக் கடக்கும் தேனீக்கள் ஆறு மாதம் வரை வாழ வேண்டியவை. அவை புழுப் பருவத்திலேயே உண்ணியால் நலிந்திருந்தால் பாதி வழியிலேயே மடிந்துவிடும்.

சட்டங்களில் பழுப்புக் கழிச்சல் கறையோ, உள்ளமிழ்ந்து துளைவிட்ட புழு மூடிகளோ, அறையின் அடியில் ஒட்டிக் காய்ந்த கரிய செதில்களோ இருந்தால் ஒரு சட்டத்தையும் மாற்றாதீர்கள். புழு அழுகல் நோய் என்ற ஐயம் எழுந்தால் உங்கள் பகுதி வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் தேன் சட்டங்களைப் பத்திரப்படுத்தி, தேனீக்கள் தாராளமாகப் பறக்கும் முதல் வெயில் நாளில் திரளை ஒட்டி வையுங்கள். ராணி மீண்டும் முட்டையிடத் தொடங்கும் குளிர்கால இறுதியில், புழுக்களை ஏறத்தாழ 35 டிகிரியில் வைத்திருக்க வேண்டியிருப்பதால் உணவு மிக வேகமாகக் கரையும்; அந்த வாரங்களில் அவை உதவும். காலிப் பெட்டியின் வாயிலை இன்றே அடைத்துவிடுங்கள். இல்லையெனில் வெயில் வந்ததும் முதல் பெட்டித் தேனீக்களே அங்கு கொள்ளைக்குப் போய், நோய் ஏதும் இருந்தால் அதையும் சுமந்து வரும்.

கேள்வி கேட்டவர்

வெண்புள்ளிகள் இருக்கின்றன, ஏறக்குறைய ஒவ்வோர் அறையிலும். கறையும் செதிலும் இல்லை. வாயிலை அடைத்துவிட்டேன். முதல் பெட்டியில் புழு இல்லாத இந்தச் சமயத்திலேயே உண்ணிக்கு ஆக்சாலிக் அமிலம் கொடுக்கலாமா?

பதில் 3

புழு இல்லாத காலமே அதற்கு ஏற்றது. அறைகள் மூடப்பட்டிருந்தால் உண்ணி உள்ளே ஒளிந்துகொள்ளும். இப்போது அனைத்தும் தேனீக்களின் உடல்மேல்தான் இருக்கும். உங்கள் பகுதியில் அனுமதிக்கப்பட்ட தயாரிப்பை, அதன் உறையில் உள்ள அளவிலேயே, கையுறையும் முகக்காப்பும் அணிந்து ஒரே ஒரு முறை பயன்படுத்துங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை எடையையும் சர்க்கரையையும் மட்டும் பாருங்கள்.