வெயில் படாத இடத்தில் கலேடியம்: வளர்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தாம்பரம்:

எங்கள் வீட்டுக்கும் மதில்சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. வடக்குப் பக்கம் என்பதால் வெயில் எட்டிப் பார்ப்பதோடு சரி. செம்பருத்தி, இட்லிப்பூ எதுவும் அங்கே மொட்டு வைத்ததில்லை. இப்போது அந்தச் சந்து முழுக்கக் கலேடியம் தொட்டிகள். பூவுக்காக அல்ல, வண்ண இலைக்காக வளர்க்கும் கிழங்குச் செடி அது. கேண்டிடம் என்று ஒரு ரகம், வெள்ளை இலையில் பச்சை நரம்பு. இருட்டத் தொடங்கும் நேரத்தில் மற்ற செடிகள் மங்கிப்போக, அது மட்டும் தனியாகத் தெரியும். பக்கத்திலேயே ரெட் ஃபிளாஷ். நடுவில் ரத்தச் சிவப்பு, ஓரத்தில் கரும்பச்சை, மேலே இளஞ்சிவப்புப் புள்ளிகள். பூ எதற்கு என்று தோன்றிவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது டிசம்பர் மாதத்தைப் பற்றி. மழை ஓய்ந்து பனி தொடங்கியதும் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் சாயும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது. செடி செத்துவிட்டது என்று எத்தனையோ பேர் தொட்டியோடு குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். எனக்கு மனசு பதறும். அது சாகவில்லை, மண்ணுக்குள் கிழங்கு ஓய்வெடுக்கிறது. அந்த நேரத்தில் ஊற்றும் தண்ணீர்தான் அதைக் கொல்கிறது. இலை பாதி மஞ்சளானதுமே தண்ணீரைக் குறையுங்கள். முழுக்க விழுந்ததும் நிறுத்திவிடுங்கள். எங்கள் ஊர்க் குளிருக்குக் கிழங்கு தொட்டியிலேயே இருக்கலாம், சன்ஷேடுக்கு அடியில் நனையாமல் நகர்த்தி வைத்தால் போதும். தோண்டி எடுப்பவர்கள் மண்ணை உதறி, நிழலில் சில நாள் உலர்த்தி, காய்ந்த தேங்காய்நார்த் தூளில் புதைத்துக் காகிதப் பையில் போட்டுப் பரண்மேல் வைக்கலாம். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்கவே கூடாது. 15 டிகிரிக்குக் கீழே போனால் கிழங்கு கெட்டுவிடும்.

மார்ச்சில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கண் (முளை கிளம்பும் இடம்) இருக்கும் மேடான பக்கம் மேலே வரும்படி இரண்டு அங்குல ஆழத்தில் நட்டு, லேசாக ஈரம் காட்டினால் போதும். முதல் இலை சுருட்டிய காகிதம்போல ஊசியாக மேலே வரும். அது விரியும்போது உடனிருந்து பார்க்க வேண்டும். ஓரம் முதலில் அவிழும், நிறம் அப்புறம்தான் ஏறும்.

நாகர்கோவில்:

அக்கா சொன்னது சரி. ஆனால் எங்களுக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. இங்கே கலேடியத்துக்கு எதிரி குளிர் இல்லை, அழுகல்தான். தொட்டி மண்ணில் பாதி அளவு தேங்காய்நார்க் கழிவும் ஆற்று மணலும் கலக்கிறேன், மீதி செம்மண்ணும் மண்புழு உரமும். துளைமேல் உடைந்த ஓட்டுத்துண்டு. தட்டு வைப்பதே இல்லை, தண்ணீர் தேங்கிவிடும். மழைக்காலத்தில் திண்ணைக்கு ஏற்றிவிடுவேன்.

இன்னொன்று, இது சேம்பு, சேனை குடும்பம். இலை, தண்டு, கிழங்கு எல்லாவற்றிலும் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் உண்டு. சேனை வெட்டும்போது கையில் புளி தடவிக்கொள்ளும் அம்மா, கலேடியக் கிழங்கை வெட்டும்போதும் அப்படித்தான். நான் கையுறை போட்டுக்கொள்வேன். தவழும் குழந்தை, நாய், பூனை உள்ள வீட்டில் தரையில் வைக்காதீர்கள். ஒரு கடி கடித்தாலே வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். உயரத்தில் வைத்தால் அழகும் கெடாது.

டாம்பா, ஃபுளோரிடா:

இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் லேக் பிளாசிட் என்ற சிற்றூர். உலகத்தில் விற்கும் கலேடியம் கிழங்குகளில் பத்தில் ஒன்பதுக்குமேல் அந்தச் சுற்றுவட்டாரத்தில் விளைகிறது. ஜூலையில் திருவிழாவே எடுக்கிறார்கள். கறுப்பு மண் வயலில் சிவப்பு, வெள்ளை, ரோஸ் என்று ரகத்துக்கு ஒரு பட்டையாகக் கண்ணெட்டும் தூரம்வரை இலை. நம் ஊர் நெல்வயலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது தனிச் சந்தோஷம். நவம்பரில் கிழங்கு தோண்டத் தொடங்குவார்கள். விட்டமளந்து தரம் பிரித்து விற்பார்கள்: ஒன்றரை முதல் இரண்டரை அங்குலம் வரை ‘நம்பர் ஒன்’ தரம், அதற்கு மேல் ‘ஜம்போ’. கிழங்கு பெரிதானால் கண் அதிகம், இலையும் அதிகம்.

அங்கே கற்றுக்கொண்டது: கிழங்கின் நடுவில் பெரிதாக ஒரு கண் இருக்கும். அதைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிட்டால் சுற்றியுள்ள சின்னக் கண்கள் எல்லாம் முளைத்துச் செடி அடர்த்தியாகும். இலை கொஞ்சம் சிறிதாக வரும். தொட்டிக்கு அதுதான் நன்றாக இருக்கும். வெட்டிய இடம் காயும்வரை ஒன்றிரண்டு நாள் விட்டு நடுங்கள்.

கோயம்புத்தூர்:

எனக்கு ஒரு சந்தேகம். ஹாலில் சோபா பக்கம் வைத்திருக்கிறேன். தண்டு நீண்டு நீண்டு சாய்கிறது, சிவப்பு குறைந்து பச்சை ஏறுகிறது. மாதம் இருமுறை சாணிக் கரைசல் ஊற்றுகிறேன். ஏன் இப்படி?

தாம்பரம்:

தம்பி, இரண்டு காரணம் இருக்கும். நிழல் வேண்டும் என்றால் இருட்டு வேண்டும் என்று அர்த்தம் இல்லை. புத்தகம் படிக்க விளக்குப் போட வேண்டிய இடத்தில் கலேடியத்துக்கு வெளிச்சம் போதாது. ஜன்னல் ஓரம் கொண்டுபோங்கள், காலை ஏழு, எட்டு மணி வெயில் பட்டால் நல்லதே. உச்சி வெயில் மட்டும் ஆகாது, வெள்ளைப் பகுதி பொரிந்துவிடும். அப்புறம் சாணிக் கரைசலை நிறுத்துங்கள். தழைச்சத்து அதிகமானால் பச்சை மேலேறி நிறத்தை மூடும். கைப்பிடி மண்புழு உரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

பால்கனியில் பத்து மணிவரை வெயில் வருமென்றால், அகலமாக இதய வடிவில் இருப்பதை விட்டுவிட்டு, குறுகி நீண்ட இலையுள்ள ரகமாகக் கேட்டு வாங்குங்கள். அவை வெயிலை ஓரளவு தாங்கும், தண்டும் குட்டை, சாயாது. இப்போதுள்ள செடியில் சாய்ந்த இலைகளை அடியோடு வெட்டிவிடுங்கள். புது இடத்தில் வரும் இலை நிமிர்ந்து வரும்.