ஏசி இல்லாத மாடி அறைக்குக் கேமிங் கணினி: எஸ்எஸ்டி, கூலர், எஸ்எம்பிஎஸ் எதற்குக் காசு போடுவது?

பாலாற்று மணல்:

வேலூரில் இருக்கிறேன். கணினி வைக்கப்போவது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில். மே மாதத்தில் இரவு பத்து மணிக்கும் அந்தக் கூரை வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். ஏசியை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. அந்த முடிவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டும் பொறுமை எனக்கு இல்லை. மகள் தூங்கிய பிறகு கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்தான் என் விளையாட்டு நேரம், அதை ஸ்குரூ டிரைவரோடு கழிக்க மனமில்லை. அதனால் பூட்டியே அனுப்பும் ஓர் இணையக் கடையில் ஒரு கணினியைப் பார்த்து வைத்திருக்கிறேன். பிராசஸர் ரைசன் 7 7700, கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5070, பி650 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம். இதுவரை குழப்பமில்லை. கீழே வரும் மூன்று தேர்வுகளில்தான் தலை சுற்றுகிறது.

ஸ்டோரேஜ்: 500 ஜிபி என்விஎம்இ (போர்டில் நேரடியாகச் செருகும் வேகமான வகை) எஸ்எஸ்டியுடன் 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க், அல்லது அதே விலைக்கு 1 டெராபைட் என்விஎம்இ மட்டும். கூடுதலாக 9,000 ரூபாய் கொடுத்தால் "ஐந்தாம் தலைமுறை" எஸ்எஸ்டி.

கூலர்: பிராசஸரோடு வரும் கூலர் இலவசம். இரட்டை டவர் கூலருக்கு 3,200 ரூபாய். தலையில் சின்னத் திரை வைத்த 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலருக்கு 13,500.

பவர் சப்ளை, அதாவது எஸ்எம்பிஎஸ்: "650 வாட் பிரான்ஸ்" (வெண்கல முத்திரை) விலைக்குள் அடக்கம். "750 வாட் கோல்டு" எடுத்தால் 4,000 கூடுதல்.

மூன்றுக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரம் வரை போகலாம். திரை வைத்த கூலர் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஒளிக்க ஒன்றுமில்லை. வேலூர் வெயிலுக்கு லிக்விட் கூலர்தான் சரி என்று கடைக்காரர் தொலைபேசியில் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

ஈயப்பற்று:

அவர் வேலூர் வெயிலைப் பார்த்துச் சொல்லவில்லை, 13,500-ஐப் பார்த்துச் சொல்கிறார்.

7700 ஒரு 65 வாட் பிராசஸர். முழு வேகத்தில் ஓடும்போதும் ஏறத்தாழ 88 வாட்டோடு நின்றுவிடும்படி வரம்பு வைத்திருக்கிறார்கள். விளையாட்டில் அவ்வளவுகூடப் போகாது. பெட்டியோடு வரும் கூலரே அதைத் தாங்கும், சத்தம் மட்டும் கொஞ்சம் வரும். 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் 250 வாட் வரை இழுக்கும் பிராசஸர்களுக்காக உள்ளது.

உங்கள் அறைக்கு வருவோம். காற்றில் ஓடினாலும் தண்ணீரில் ஓடினாலும் கூலர் அறையின் வெப்பநிலைக்குக் கீழே எதையும் இறக்காது. 25 டிகிரி அறையில் 65 காட்டும் பிராசஸர், 38 டிகிரி அறையில் 78-ஐ ஒட்டித்தான் காட்டும். பயப்பட வேண்டாம், இந்த பிராசஸருக்கு 95 வரை அனுமதி உண்டு. இன்னொன்று, பெட்டிக்குள் பெரிய அடுப்பு பிராசஸர் அல்ல, கிராபிக்ஸ் கார்டு. 5070 மட்டுமே 250 வாட். நீங்கள் பார்க்கும் அந்த லிக்விட் கூலர் அதைத் தொடுவதே இல்லை. எல்லாம் சேர்ந்து 400 வாட் வெப்பம் அறைக்குள்தான் வரப்போகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

3,200 ரூபாய் டவர் கூலரை எடுங்கள். அதைவிட முக்கியமாக, கேபினட் முகப்பு கண்ணாடியா வலையா என்று கேளுங்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி என்றால் உள்ளே எந்தக் கூலர் வைத்தாலும் விசிறிகள் ஒரே சூடான காற்றைச் சுற்றிச் சுற்றி ஊதிக்கொண்டிருக்கும். முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, அது போதும். நம் ஊர்த் தூசிக்கு முன் வலையை அவ்வப்போது கழற்றித் தட்டுங்கள்.

இப்போது எஸ்எம்பிஎஸ். உண்மையில் நான் எழுத வந்ததே இதற்காக. "650 வாட் பிரான்ஸ்" என்பது ஒரு பொருளின் பெயரே அல்ல. எந்த நிறுவனம், எந்த மாடல் என்று எழுத்தில் கேளுங்கள். பிராசஸர் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் எஸ்எம்பிஎஸ் பெயரை மட்டும் போடாமல் விட்டால், சொல்லிக்கொள்ளும்படியான பெயர் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பழுது பார்க்கும் மேஜைக்கு வரும் பூட்டிய கணினிகளில் பெரும்பாலும் நான் முதலில் கழற்றுவது அதைத்தான்.

5070-க்கு என்விடியாவே சொல்வது 650 வாட். அளவு சரி, தரம்தான் கேள்வி. சில எஸ்எம்பிஎஸ்கள் 50 டிகிரி சூட்டிலும் முழு வாட் தருவதாக உறுதி சொல்கின்றன, மலிவானவை பல 40 டிகிரியோடு நிறுத்திக்கொள்கின்றன. உங்கள் கூரைக்குக் கீழே இந்தப் பத்து டிகிரிக்கு மதிப்பு உண்டு.

கோல்டு எடுத்தால் மின்கட்டணம் குறையும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 400 வாட் சுமையில் இரண்டுக்கும் வித்தியாசம் இருபது, இருபத்தைந்து வாட். தினம் ஒன்றரை மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு ஒரு யூனிட்டைத் தாண்டினால் பெரிது. கோல்டு முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. ஆனால் அந்த வரிசையில் உள்ளே நல்ல கப்பாசிட்டர் போடும் வழக்கம் அதிகம், நான் காசு கொடுப்பது அதற்காக. ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று இருக்கிறதா பாருங்கள். கார்டு ஒரு கண நேரத்துக்கு வரம்பை மீறி இழுத்தால் அணைந்துவிடாமல் தாங்கும்படி வகுத்த தரம் அது. கார்டுக்கு மின்சாரம் தரும் 16 பின் கேபிளும் நேரடியாகவே வரும்.

பைட்டுக்கணக்கு:

ஸ்டோரேஜ் பற்றி மேலே அண்ணன் ஒரு வரிகூடச் சொல்லவில்லை, அது என் பங்கு.

500 ஜிபி வேண்டவே வேண்டாம். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றே 150 ஜிபி கேட்கிறது, அதுவும் எஸ்எஸ்டியில்தான் என்கிறது. சைபர்பங்க் 2077-க்கு 70. விண்டோஸையும் சேர்த்தால் 500-இல் மூச்சு முட்டும். மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் போட்டால், உங்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பங்கு லோடிங் திரையைப் பார்த்தே கழியும். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150, 200 எம்பி தரும். துண்டு துண்டாகப் படிக்கச் சொன்னால் அதுவும் இல்லை.

ஐந்தாம் தலைமுறைக்கு 9,000 கொடுப்பதும் வீண். மூன்றாம் தலைமுறை நொடிக்கு 3,500 எம்பி, நான்காம் தலைமுறை 7,000, ஐந்தாவது 10,000-க்கு மேல். காகிதத்தில் அழகுதான். ஆனால் இன்றைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை திறக்கும் நேரத்தில் இவற்றுக்கிடையே ஓரிரு நொடி வித்தியாசம் வந்தாலே அதிகம். அதோடு ஐந்தாம் தலைமுறை நன்றாகவே சூடாகும். மேலே வெப்பத்தை உறிஞ்சும் உலோகத் தகடு (ஹீட்சிங்க்) நல்லதாக இல்லாமல் அந்த மாடி அறையில் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படிக் குறைந்தால் கொடுத்த 9,000-க்கு என்ன பொருள்?

1 டெராபைட் என்விஎம்இ எடுங்கள். அதையும் பெயர் கேட்டு எடுங்கள். உள்ளே இருக்கும் மெமரி ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சியா, நான்கு பிட் வைக்கும் கியூஎல்சியா என்று கேளுங்கள். கியூஎல்சி வகையில் பெரிய விளையாட்டை ஒரே மூச்சில் நகலெடுத்தால் தொடக்கத்தில் பறக்கும், உள்ளே வைத்திருக்கும் வேகப்பகுதி நிரம்பியதும் தவழும். படிக்க மட்டும் என்றால் அதுவும் மோசமில்லை. போர்டில் எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 இடம் காலியாக இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னால் ஒன்று சேர்த்தால் போகிறது. 1 டெராபைட்டை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம், அது எண்ணும் முறையில் வரும் வித்தியாசம்.

தென்றல்_360:

லிக்விட் கூலரை இவ்வளவு திட்ட வேண்டியதில்லை. நான் வைத்திருக்கிறேன், நீண்ட நேரம் வீடியோ ரெண்டர் செய்யும்போது டவரைவிடச் சத்தம் குறைவு. அழகுக்காக வாங்குவதும் ஒரு காரணம்தான், அவரவர் காசு.

ஈயப்பற்று:

பதினாறு கோர் பிராசஸரில் ரெண்டர் செய்கிறவருக்கு நானும் அதையேதான் சொல்வேன். இவருடையது 88 வாட். பம்ப் ஒரு நாள் நிற்கும், டவர் கூலரில் நிற்பதற்கு விசிறி மட்டுமே உண்டு. அதை ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு மாற்றிவிடலாம்.

பாலாற்று மணல்:

எல்லோருக்கும் நன்றி. திரை ஆசையை விட்டுவிட்டேன், அல்லது விட்டுவிட்டதாக இப்போது சொல்லிக்கொள்கிறேன். இன்னொரு சந்தேகம். வீட்டில் பழைய இன்வெர்ட்டர் இருக்கிறது, சதுர அலை வகை. பக்கத்து வீட்டில் சும்மா கிடக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸும் தருகிறேன் என்கிறார்கள். எது போதும்?

ஈயப்பற்று:

இரண்டும் போதாது. 600 விஏ யூபிஎஸ் வழக்கமாக 360 வாட்தான் தரும். விளையாட்டின் நடுவே மின்சாரம் போனால் அதுவும் சேர்ந்து கத்திவிட்டு அணையும். 1,000 விஏக்கு மேல், குறைந்தது 600 வாட் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். பத்து நிமிடம் கிடைத்தால் சேமித்துவிட்டு அணைக்கலாம், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

சதுர அலை இன்வெர்ட்டரில் இந்தக் காலத்து எஸ்எம்பிஎஸ்ஸை ஓட்டாதீர்கள். சில இரையும், சில உடனே அணையும். சைன் அலை இன்வெர்ட்டர் வாங்கினால் பின்புறம் யூபிஎஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போட்டு வையுங்கள். மின்சாரம் நின்றபின் எஸ்எம்பிஎஸ் தன் கையிருப்பில் தாங்குவது பதினாறு, பதினேழு மில்லிநொடி. அந்த ஸ்விட்சைப் போடாமல் சாதாரண நிலையில் விட்டால், இன்வெர்ட்டர் மாறுவதற்குள் கணினி மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓடத் தொடங்கிவிடும்.

மாடி அறையின் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று மின்பணியாளரை வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை இருக்கும், உள்ளே கம்பி இருக்காது. கேபினட்டைத் தொட்டால் விர்ரென்று இழுக்கிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கதை இதுதான்.

பெட்டி வந்ததும் உடனே ஸ்விட்சைப் போடாதீர்கள். பக்கக் கண்ணாடியைத் திறந்து, உள்ளே நுரை அடைத்திருந்தால் எடுத்துவிட்டு, கிராபிக்ஸ் கார்டும் டவர் கூலரும் அசையாமல் இருக்கின்றனவா, 16 பின் கேபிள் இடைவெளி இல்லாமல் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைப் பிரிப்பதை முதலிலிருந்தே வீடியோ எடுத்து வையுங்கள், கூரியரில் அடிபட்டிருந்தால் கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

பாலாற்று மணல்:

கடைக்கு எழுதிக் கேட்டேன். பிரான்ஸ் மாடலின் பெயருக்கு "ஸ்டாக்கில் உள்ளதைப் பொறுத்து மாறும்" என்று பதில் வந்தது. 750 வாட் கோல்டுக்கு மாடல் எண்ணும் ஏடிஎக்ஸ் 3.1 என்பதும் உடனே வந்துவிட்டன. ஆகவே கோல்டு, இரட்டை டவர், பெயரோடு ஒரு 1 டெராபைட் டிஎல்சி. கூடுதல் 7,200 ரூபாய்தான், மிச்சம் யூபிஎஸ்ஸுக்கு. வலை முகப்புள்ள கேபினட் வெள்ளையில் தீர்ந்துவிட்டதாம், கருப்புதான் இருக்கிறது என்றார்கள். கருப்பையே அனுப்பச் சொல்லிவிட்டேன். மின்பணியாளர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.