பயாஸ் மாத்தினதுல இருந்து காலையில ஓவர்க்ளாக் நிக்க மாட்டேங்குது, உதவி வேணும்

தென்பெண்ணைக்கரை:
வணக்கம்ங்க. காவேரிப்பட்டணம் பக்கம் நம்ம ஊர். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். ஆவணி முகூர்த்தம் நெருங்குது, மூணு கல்யாணம் முடிக்காம நிக்குது, அதான் அவசரமா கேக்கறேன்.

மெஷின்: ரைசன் 5 5600எக்ஸ், பி550 மதர்போர்டு, 16 ஜிபி ராம் ரெண்டு (3600 கிட்), 650 வாட் பவர் சப்ளை, டவர் கூலர். ஒன்றரை வருஷமா ஓவர்க்ளாக் பண்ணி, அதாவது கம்பெனி வேகத்துக்கு மேல, எல்லா கோரும் 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.3 வோல்ட், ராம் 3800, எஃப்கிளாக் (ப்ராசஸருக்குள்ள இருக்கற இணைப்போட வேகம்) 1900ன்னு ஓட்டினேன். தொந்தரவே இல்ல.

ரெண்டு வாரம் முன்னாடி பயாஸை (போர்டுல இருக்கற அடிப்படை மென்பொருள்) மாத்தினேன். பின்னாடி 5700எக்ஸ்3டி ப்ராசஸர் போடணும்னு ஆசை, அதுக்குப் புது பயாஸ் வேணும். அப்டேட் நல்லபடியா முடிஞ்சுது. பென்டிரைவ்ல சேமிச்சு வச்சிருந்த பழைய செட்டிங் ப்ரொஃபைலை ஏத்தினேன், விண்டோஸும் வந்துச்சு. மறுநாள் காலையில இருந்து பிரச்சனை. பட்டனை அமுக்கினா போர்டுல ராம் கோளாறைக் காட்டற லைட் எரியுது, தானா அணைஞ்சு அணைஞ்சு எரியுது, இல்லன்னா நேரா எஃப்1 அமுக்கச் சொல்லுது. உள்ள போய்ப் பாத்தா எல்லாம் டிஃபால்ட். மறுபடி போட்டா சாயங்காலம் வரைக்கும் ஓடுது. ரெண்டு தடவை ரெண்டர் நடுவுல திரை கருத்து ரீஸ்டார்ட் ஆயிடுச்சு.

கிருஷ்ணகிரியில ஒரு கடையில காட்டினேன். போர்டு போயிடுச்சு, மாத்துங்கன்னாங்க. இப்ப அந்தக் காசு கையில இல்லீங்க. நெஜமாவே போர்டுதானா?

பென்னாகரத்தான்:
ப்ரோ, ராமைக் கழட்டி அழிரப்பர்ல தங்க நிற முனையைத் தேய்ச்சுப் போடுங்க. ராம் லைட்டுன்னா முக்காவாசி அதான்.

தென்பெண்ணைக்கரை:
அது முதல் நாளே பண்ணிட்டேன் ப்ரோ. ஒவ்வொரு ராமா தனியாவும் போட்டுப் பாத்தேன். அதே கதை.

ஓசூர் மின்னணு:
தம்பி, போர்டை இப்ப மாத்தாதீங்க. நீங்க எழுதினதுல ரெண்டு விதமான காலை இருக்கு, அதை ஒண்ணாச் சேத்துட்டீங்க. ராம் லைட் எரிஞ்சு தானா ரீஸ்டார்ட் ஆகறது ஒண்ணு. நேரா எஃப்1 கேக்கறது இன்னொண்ணு. எந்தக் காலையில எதுன்னு பாத்தீங்களா? எஃப்1 வர்ற அன்னிக்கு பயாஸ்ல தேதி சரியா இருக்கா? ராத்திரி சுவத்து சுவிட்சை அணைக்கறீங்களா?

தென்பெண்ணைக்கரை:
அண்ணா, இதை நான் யோசிக்கவே இல்ல. போன மாசம் பக்கத்துத் தெருவுல இடி விழுந்து டிவி போனதுல இருந்து, அப்பா படுக்கறதுக்கு முன்னாடி அந்த ரூமோட மெயினையே அணைச்சிடறார். மறந்த நாளும் உண்டு.

ரெண்டு ராத்திரி சோதிச்சேன். மெயினை அணைச்சா: தேதி பல வருஷம் பின்னாடி போயிருக்கு, நேரா எஃப்1. அணைக்கலன்னா: தேதி சரி, ஆனா ராம் லைட், மூணு தடவை ரீஸ்டார்ட், அப்புறம் ஓவர்க்ளாக் தோத்துடுச்சுன்னு செய்தி.

ஓசூர் மின்னணு:
அப்ப ரெண்டு கோளாறு ஒரே நேரத்துல வந்திருக்கு. ஒண்ணு இன்னொண்ணை மறைச்சிடுச்சு.

முதல்ல தேதி. சுவத்துல கரண்ட் இருக்கற வரைக்கும், கம்ப்யூட்டர் அணைஞ்சிருந்தாலும் பவர் சப்ளையில இருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை போர்டுக்கு வந்துட்டே இருக்கும். கடிகாரம் அதுல ஓடும். மெயினை அணைச்சா போர்டுல இருக்கற சிஆர்2032 பட்டன் பேட்டரிதான் கதி. அது செத்திருந்தா கடிகாரம் நின்னுடும், பல போர்டுகள் அதைப் பாத்ததும் செட்டிங்கையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுபோயிடும். உங்க பேட்டரி எப்பவோ செத்திருக்கலாம், அப்பா மெயினை அணைக்க ஆரம்பிச்சப்பதான் வெளிய தெரிஞ்சிருக்கு. பயாஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. புதுசு 3 வோல்ட்டுக்கு மேல காட்டும். 2.8க்குக் கீழ இருந்தா யோசிக்காம மாத்திடுங்க. மாத்தும்போது பிளக்கைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சு மிச்ச கரண்ட்டை வடிச்சிடுங்க.

தென்பெண்ணைக்கரை:
2.41 காட்டுதுண்ணா! பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாட்ச் கடையில வாங்கி மாத்திட்டேன். மெயினை அணைச்சாலும் தேதி நிக்குது, எஃப்1 வரல. ஆனா இப்ப தினமும் ராம் லைட்தான்.

அரூர் லேப்:
நான் குறுக்க வரலாமா? கல்லூரி லேப்ல இதே பி550 மெஷின்களைப் பாத்துக்கறேன். இப்ப செட்டிங் அழியாம நிக்கறதாலதான் தினமும் ராம் லைட் வருது. அந்த செட்டிங்தான் தப்பு.

பயாஸ் மாறும்போது மெனு மட்டும் மாறாது. உள்ள ஏஎம்டி தர்ற அஜீசாங்கற பகுதியும் மாறும். பூட் ஆகும்போது ராமை ட்ரெயின் பண்றது, அதாவது அந்த வேகத்துக்கு ராமைச் சரிபாத்து அமைக்கறது அதுதான். பழைய பதிப்புல விளிம்புல நின்ன 3800 புதுசுல நிக்காமப் போகலாம். அதுவும் ராத்திரி பூரா அணைஞ்சு ஆறின மெஷின்ல, காலையில முதல் பூட்லதான் காலை வாரும். சூடான பிறகு ரீஸ்டார்ட் பண்ணி ஓடுதேன்னு நம்பாதீங்க.

விண்டோஸ்ல ஈவென்ட் வியூவர் திறந்து, சிஸ்டம் பகுதியில வீயா லாகர்ன்னு வர்ற ஹார்ட்வேர் பிழைப் பதிவைத் தேடுங்க. எந்த எண் வருது?

தென்பெண்ணைக்கரை:
19ன்னு வரிசையா இருக்குங்க, எண்ண முடியல. 18ன்னு ரெண்டு, அது ரெண்டும் ரெண்டர்ல செத்த அதே நேரம்.

அரூர் லேப்:
ரொம்ப உபயோகமான தகவல். 19ன்னா பிழை வந்து சரி பண்ணிக்கிச்சு. எஃப்கிளாக் 1900ல இந்தத் தலைமுறை ரைசன்கள் நிறைய இதைத்தான் கொட்டும். உங்களுக்குத் தொந்தரவு தெரியலைன்னாலும் முன்னாடியே வந்திருக்கலாம். 18ன்னா சரி பண்ண முடியாத பிழை, அதான் மெஷின் விழுந்திருக்கு.

ஓசூர் மின்னணு:
அந்த 18க்கு எனக்கு வோல்டேஜ் மேலதான் சந்தேகம். தம்பி, லோடு லைன் கேலிப்ரேஷன் (லோடு ஏறும்போது வோல்டேஜ் ரொம்ப இறங்காமப் பிடிக்கற செட்டிங்) இப்ப என்ன நிலையில இருக்கு? ரெண்டர் ஓடும்போது எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள்ல கோர் வோல்டேஜ் எவ்வளவு?

தென்பெண்ணைக்கரை:
பழைய போட்டோல லெவல் 3ன்னு இருக்கு. இப்ப ஆட்டோன்னு நிக்குது, நான் தொடவே இல்ல. ரெண்டர்ல 1.22 வரைக்கும் இறங்குதுண்ணா.

ஓசூர் மின்னணு:
பிடிபட்டுச்சு. வேற பதிப்பு பயாஸோட ப்ரொஃபைலைப் பல போர்டுகள் ஏத்தவே விடாது. உங்க போர்டு விட்டிருக்கு, ஆனா எல்லாத்தையும் எடுத்துக்கல. 4.6ஐ எடுத்துக்கிச்சு, அதைத் தாங்கிப் பிடிச்ச லோடு லைனை விட்டுடுச்சு. நீங்க கேட்டது 1.3, லோடு ஏறினதும் கிடைச்சது 1.22. அதுல 4.6 நிக்கல.

பென்னாகரத்தான்:
அப்ப பழைய பயாஸுக்கே திரும்பிடலாமே?

அரூர் லேப்:
வேண்டாம்னு சொல்வேன். சில பதிப்புல இருந்து கீழ இறங்கவே விடாது. போர்டுக்குப் பின்னாடி பயாஸ் எழுதற ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தா வழி உண்டு: ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணின பென்டிரைவ், மேனுவல் சொல்ற பேர்ல ஃபைல், அதுக்குன்னு இருக்கற யுஎஸ்பி துளை. ஆனா எழுதும்போது கரண்ட் போனா நிலைமை மோசமாகும். யுபிஎஸ் இல்லாம யாரும் தொடாதீங்க. விண்டோஸ்ல பிட்லாக்கர் (டிஸ்க் பூட்டு) போட்டிருந்தா ரெக்கவரி கீயை முதல்ல எழுதி வச்சுக்கங்க. பயாஸ் மாறினா அதைக் கேக்க வாய்ப்பு இருக்கு.

தென்பெண்ணைக்கரை தம்பிக்கு என் யோசனை. ப்ரொஃபைல் ஃபைலை அழிச்சிடுங்க. டிஃபால்ட்டை ஏத்தி ஒரு நாள் அப்படியே வேலை பாருங்க. மறுநாள் எக்ஸ்எம்பி (ராம் கம்பெனியே குறிச்சு வச்ச வேகம்) மட்டும் போட்டு ராம் 3600, எஃப்கிளாக் 1800. அந்த ராத்திரியே ராமைச் சோதிக்கற மெம்டெஸ்ட்86 ஓட்டுங்க. காலையில ஆறின மெஷின்ல நல்லா எழுந்தா மட்டும் ப்ராசஸருக்குப் போங்க. ரெண்டையும் ஒரே நாள்ல தொட்டா எது விழுந்துச்சுன்னு தெரியாது.

ப்ராசஸருக்கு 4.6ன்னு கட்டிப்போடாம, ப்ராசஸரே வேகத்தை ஏத்திக்கற பிபிஓவும், அதுக்கான வோல்டேஜைக் குறைக்கற கர்வ் ஆப்டிமைசரும் வைங்க. எல்லா கோருக்கும் மைனஸ் 10ல ஆரம்பிங்க. ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். இதுல ஒண்ணு கவனிக்கணும். லோடுல நல்லா ஓடிட்டு, சும்மா இருக்கும்போது விழும். ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குப் போறது அப்பதான். ரெண்டர் பாஸ் ஆயிடுச்சுன்னு முடிவு பண்ணாம, பாட்டு போட்டுட்டு, பிரவுசர் திறந்துட்டு ரெண்டு நாள் விட்டுப் பாருங்க.

தென்பெண்ணைக்கரை:
ஒன்பது நாள் கழிச்சு எழுதறேன். அண்ணனுக்கும் அரூர் லேப்புக்கும் ரொம்ப நன்றிங்க. டிஃபால்ட், எக்ஸ்எம்பி 3600 ரெண்டும் சுத்தமா நின்னுச்சு. ராம் லைட் ஒரு காலையிலகூட வரல. வீயா லாகர்ல 19 ஒண்ணுகூட இல்ல. கர்வ் மைனஸ் 20 வச்சப்ப, நீங்க சொன்ன மாதிரியே, சாப்பிடப் போயிருந்தப்ப சும்மா இருந்த மெஷின் ரீஸ்டார்ட் ஆகியிருந்துச்சு. மைனஸ் 12ல நிறுத்திட்டேன். சூடு ரெண்டர்ல 78ஐத் தாண்டல, முன்னாடி 88 வரைக்கும் போகும். ஒரே கல்யாண வீடியோ அப்ப 52 நிமிஷம், இப்ப 53. அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இவ்வளவு நாள் மெஷினைக் கசக்கியிருக்கேன்.

ஒரு கல்யாணம் கொடுத்தாச்சு. அப்பாகிட்ட மெயினை அணைக்க வேண்டாம்னு சொல்லணுமாண்ணா?

ஓசூர் மின்னணு:
வேண்டாம் தம்பி, அணைக்கட்டும். இடி மழைக் காலத்துல அவர் பண்றதுதான் சரி. முடிஞ்சா நெட் கேபிளையும் கழட்டச் சொல்லுங்க, அது வழியாவும் இடி பாயும். புது பேட்டரி இருக்கு, தேதி போகாது. பயாஸ்ல ஒவ்வொரு பக்கத்துலயும் எஃப்12 அமுக்கினா நிறைய போர்டுகள்ல படம் பென்டிரைவ்ல விழும். இப்ப ஓடற செட்டிங்கை அப்படி எடுத்து வைங்க. 5700எக்ஸ்3டி வாங்கற அன்னிக்கு இதே இழையில எழுதுங்க. அதுல கிளாக்கை ஏத்த விட மாட்டாங்க, கர்வ் எப்படி வைக்கறதுன்னு அப்ப பாக்கலாம்.