கருவின் முதல் ஏழு நாள்: எல்லாச் செல்லும் ஸ்டெம் செல்தானா?

செக்காலை டீச்சர்:
அடுத்த வாரம் பிளஸ் டூவுக்குக் கரு வளர்ச்சிப் பாடம். மூன்று இடத்தில் தெளிவு வேண்டும். முதல் வாரத்தில் இருக்கும் எல்லாச் செல்லையும் ஸ்டெம் செல் என்று சொல்லலாமா? குழந்தையின்மை சிகிச்சை ரிப்போர்ட்டில் ‘4ஏபி’ என்று போடுகிறார்களே, அது எதைக் குறிக்கிறது? தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி வரும் நோட்டீஸில் ‘எந்த உறுப்பாகவும் மாறும்’ என்று இருக்கிறதே, சரியா? நடுவில் குழி விழுந்த கருவான பிளாஸ்டோசிஸ்டுக்கு நம்ம ஊர் வளவு வீட்டை உவமையாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சுற்றி அறைகள், நடுவில் வெளி. பொருந்துமா?

கோட்டையூர் கருவியல்:
பொருந்தும் டீச்சர், ஆனால் ஐந்தாம் நாளுக்குத்தான். அதுவரை வீடே கிடையாது.

கருவுற்ற 16 முதல் 18 மணி நேரத்தில் லேபில் பார்த்தால் இரண்டு உட்கரு தெரிய வேண்டும், தாயுடையது ஒன்று, தந்தையுடையது ஒன்று. மூன்று தெரிந்தால் பெரும்பாலும் இரண்டு விந்தணு நுழைந்திருக்கிறது என்று பொருள், அதை ஒதுக்கிவிடுவார்கள். 2-ஆம் நாள் 4 செல், 3-ஆம் நாள் 8 செல். இதுவரை ஓடுவது முட்டைக்குள் தாய் சேர்த்து வைத்த ஆர்.என்.ஏ. மற்றும் புரதத்தின் பலத்தில். 4 செல்லுக்கும் 8 செல்லுக்கும் இடையில்தான் கருவின் சொந்த மரபணுக்கள் பெரிய அளவில் விழித்துக்கொள்கின்றன. நிறையக் கருக்கள் மூன்றாம் நாளோடு நின்றுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கைச்சரக்கு தீர்ந்துபோகும், சொந்த மரபணு வேலையைத் தொடங்கியிருக்காது. குரோமோசோம் எண்ணிக்கைப் பிழை இன்னொரு காரணம். தாயின் வயது ஏற ஏற அது கூடும்.

4-ஆம் நாள் செல்கள் ஒன்றோடொன்று இறுகி மொருலா ஆகும். முதல் பிரிவினை இங்கேதான். வெளிப்பக்கம் மாட்டிய செல்லுக்கு ஒரு முகம் வெளியே, ஒரு முகம் உள்ளே. உள்ளே மாட்டியதற்கு எல்லாப் பக்கமும் அக்கம்பக்கத்துச் செல்தான். வெளியே இருப்பவை டிரோஃபெக்டோடெர்ம் ஆகி, பின்னால் நஞ்சுக்கொடியைக் கட்டும். உள்ளே இருப்பவை உள் செல் திரள். குழந்தை இதிலிருந்து வருவது. வெளிச் செல்கள் சோடியத்தை உள்ளே தள்ள, பின்னாலேயே தண்ணீர் வந்து நடுவில் குழி உண்டாகிறது. நாலு பக்க ஓட்டுத் தண்ணியும் வளவுக்குள் இறங்குமே, அதையே சொல்லுங்கள். ஆனால் வளவுக்கு மேலே வானம். பிளாஸ்டோசிஸ்ட் எல்லாப் பக்கமும் மூடியது. உள் செல் திரள் அந்தக் குழிக்குள் ஒரு சுவரோடு ஒட்டிக் கிடக்கும்.

‘4ஏபி’யில் 4 என்பது விரிவு: குழி பெருத்து, கருவைச் சுற்றியுள்ள வெளி ஓடு மெலிந்த நிலை. 5 என்றால் கரு அந்த ஓட்டிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது, 6 என்றால் வெளியே வந்துவிட்டது. முதல் எழுத்து உள் செல் திரளுக்கு, இரண்டாவது டிரோஃபெக்டோடெர்முக்கு. இது கண்ணால் பார்த்துப் போடும் மார்க். குரோமோசோம் சரியா என்பது இதில் தெரியாது. இரண்டிலும் உயர்ந்த மார்க்கான ஏஏ வாங்கிய கருவும் கருப்பையில் பதியாமல் போகும்.

தேவகோட்டை செல் லேப்:
முதல் கேள்விக்கு வருகிறேன். ஆரம்ப நாட்களின் செல், குழந்தையாகவும் நஞ்சுக்கொடியாகவும் மாறக்கூடியது, அது முழுத்திறன். உள் செல் திரள் உடலின் எல்லாத் திசுவும் ஆகும், அது பன்திறன். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள், பரீட்சையில் பசங்க தடுமாறுவது இங்கேதான்.

ஆனால் ஸ்டெம் செல் என்றால் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கருவுக்குள் உள் செல் திரள் அப்படி இருப்பதில்லை. சில நாளில் எபிபிளாஸ்ட், ஹைப்போபிளாஸ்ட் என்று இரண்டு அடுக்காகப் பிரிந்து, மூன்றாம் வாரத்தில் எபிபிளாஸ்டே மூன்று அடுக்காகிவிடும். அது கடந்து போகும் ஒரு கட்டம். அந்தக் கட்டத்திலேயே செல்லை நிறுத்தி வளர்ப்பது லேபின் வேலை. மனிதச் செல்லில் 1998-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் தாம்சன் அதைச் செய்து காட்டினார். வளர்ப்பு ஊடகத்தில் எஃப்.ஜி.எஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணி குறைந்தால் செல் கூட்டத்தின் ஓரம் தட்டையாகி வேறு செல்லாக மாறத் தொடங்கும். தனித்தனி செல்லாகப் பிரித்தால் கூட்டமாகச் செத்துப்போகும். அதனால் ராக் என்ற நொதியை அடக்கும் ராக் தடுப்பானை 10 மைக்ரோமோலார் அளவில் சேர்ப்பார்கள், அல்லது சிறு கொத்தாகவே பிரிப்பார்கள். நாள்பட வளர்த்தால் 12, 17, 20-ஆம் குரோமோசோம்களில் கூடுதல் பிரதி தலைகாட்டும். அப்படி மாறிய செல் வேகமாகப் பெருகி வளர்ப்புத் தட்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ‘நன்றாக வளர்கிறது’ என்று சந்தோஷப்படுவதற்கு முன் குரோமோசோமைப் பார்ப்பது நல்லது.

கரு இல்லாமலும் முடியும். ஓக்ட்4, சாக்ஸ்2, கே.எல்.எஃப்.4, சி-மிக் என்ற நான்கு மரபணுக்களால் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006-இல் எலியின் செல்லையும், 2007-இல் மனிதத் தோல் செல்லையும் பன்திறன் நிலைக்குத் திருப்பினார். இதற்கு 2012-இல் நோபல்.

பள்ளத்தூர் மகப்பேறு:
நோட்டீஸ் சொல்வது தப்பு. தொப்புள்கொடி இரத்தத்தில் பயன்படும் ஸ்டெம் செல் இரத்த அணுக்களை உண்டாக்குவது. மூளையோ சிறுநீரகமோ ஆகாது. தலசீமியா போன்ற மரபணு நோய்க்குக் குழந்தையின் சொந்த இரத்தம் உதவாது. அதே பிழை அந்தச் செல்லிலும் இருக்கும். ஒரு கொடியிலிருந்து வரும் அளவு, எடை கூடிய பெரியவருக்குப் பெரும்பாலும் போதாது. தனியார் சேமிப்பை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் பரிந்துரைக்கவில்லை. அண்ணன் அக்காளுக்கு இரத்த நோய் இருந்து, பிறக்கும் குழந்தையின் கொடி பொருந்தலாம் என்றால் அது வேறு கணக்கு.

நாள் கணக்கிலும் கவனம். ஸ்கேனில் ‘5 வாரம்’ என்பது கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணியது. கருவின் வயது சுமார் 3 வாரம்தான். பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக்குழாய், கருவின் 28-ஆம் நாளுக்குள் மூடிவிடும், அதாவது மாதவிடாய்க் கணக்கில் 6 வாரம். ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான்.

செக்காலை டீச்சர்:
நன்றி. களிமண்ணில் செய்து காட்டினால் எதில் தவறு வரும்?

கோட்டையூர் கருவியல்:
ஒவ்வொரு நாளுக்கும் புது மண் எடுப்பதில். முதல் நாட்களில் கரு பெரிதாகாது, சுமார் 0.1 மில்லிமீட்டரிலேயே நிற்கும். செல்தான் சிறுத்துக்கொண்டே போகும். 256 கிராம் மண்ணை ஒரே உருண்டையாக எடுத்து, அதையே பிளந்துகொண்டு போங்கள். 8 செல்லில் ஒன்று 32 கிராம், 16 செல்லில் 16 கிராம். ஐந்தாம் நாள் 128 உருண்டை செய்யப் பொறுமை இருக்காது, அதைப் பலகையில் வரைந்துவிடுங்கள்.