டிரெயின் கப்பில் அடுக்கு எதுவும் தெரியவில்லை. சுத்தமான பெட்ரோல்தானா?

கோத்தகிரி_மாணவன்:
செஸ்னா 172எஸ் (ஒற்றை இஞ்சின் சிறு விமானம்), சமவெளியில் ராத்திரி முழுக்க மழையில் நின்றது. காலையில் இடது இறக்கையில் சம்ப் டிரெயின் செய்தால் (டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைக் கப்பில் பிடித்தால்) கண்ணாடி மாதிரி தெளிவாக வருகிறது. அடியில் தண்ணீர்க் கோடோ முத்தோ இல்லை. கிளம்பலாமா? பாதை குன்னூர் மேலே, 9,500 அடி.

மெக்கானிக்_குன்னூர்:
கிளம்பாதீங்க தம்பி. கோடு விழணும்னா கப்பில் ரெண்டு திரவம் இருக்கணும். மொத்தமும் தண்ணீரா இருந்தா கோடு எங்கிருந்து வரும்? ஏவ்கேஸ் 100எல்எல், அதாவது இந்த விமானத்துக்கான பெட்ரோல், வெளிர் நீலம். கப்பை வெள்ளைத்தாள் முன்னால பிடிங்க, மோந்தும் பாருங்க. அப்பவும் சந்தேகம்னா நல்ல ஏவ்கேஸ் கொஞ்சம் அதிலேயே ஊத்துங்க. உள்ளே தண்ணீர்னா ஏவ்கேஸ் மேலே நிக்கும்.

172எஸ்ஸில் டிரெயின் எடுக்க இறக்கைக்கு 5, வயிற்றுப் பக்கம் 3, ஆக 13 இடம். ரெண்டு இடத்தில் எடுத்துட்டு கப்பைத் துடைச்சு வைக்கிற பழக்கம்தான் ஆபத்து. தண்ணீர் வந்தா, இறக்கையை மெல்ல ஆட்டி, வாலைத் தரைவரை தாழ்த்தி, 13 இடத்திலும் மறுபடி எடுங்க. அப்பவும் நிக்கலைன்னா டேங்கை முழுசா காலி பண்ணிச் சுத்தம் செய்யாம பறக்கக்கூடாது. டேங்க் மூடியில் ரப்பர் வளையம் வெடிச்சிருக்கான்னும் பாருங்க. மழைத்தண்ணீர் பெரும்பாலும் அந்த வழியாத்தான் இறங்குது.

பழனிமலை_கேப்டன்:
நிறம் இல்லைன்னா தண்ணீர்தான்னு முடிவு கட்டவேண்டாம். ஜெட் ஏ-1ம் (ஜெட் விமான எரிபொருள்) கிட்டத்தட்ட நிறமில்லாததுதான். வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விடுங்க. ஏவ்கேஸ் சீக்கிரம் ஆவியாயிடும், ஜெட் எரிபொருள் எண்ணெய்க் கறை விடும். அதை இந்த இஞ்சினில் ஓட்டினா டெட்டனேஷன் (சிலிண்டருக்குள்ளே எரிபொருள் கட்டுப்பாடில்லாம வெடிக்கிறது) வந்து பிஸ்டனே போயிடும்.

கோத்தகிரி_மாணவன்:
நன்றி சார். ரன்-அப்பில் (கிளம்பும் முன் நின்றபடி இஞ்சினை வேகமாக ஓட்டிப் பார்ப்பதில்) இஞ்சின் சீராக ஓடினால் போதாதா?

மெக்கானிக்_குன்னூர்:
போதாது. டாக்ஸிக்கும் (விமானம் தரையில் நகர்றதுக்கும்) ரன்-அப்புக்கும் குழாயிலும் ஸ்ட்ரெய்னரிலும் (எரிபொருள் வடிகட்டியிலும்) ஏற்கெனவே இருக்கிற நல்ல பெட்ரோலே போதுமானதா இருக்கலாம். டேங்க் அடித் தண்ணீர் டேக்-ஆஃபுக்கு அப்புறம், மூக்கு தூக்கினபோது வந்து சேரும். அங்கே திரும்ப உயரமும் கிடையாது.

பழனிமலை_கேப்டன்:
எரிபொருள் அளவையும் காஜை (அளவு காட்டும் கருவியை) மட்டும் நம்பி எடுக்காதீங்க. 172எஸ்ஸில் மொத்தம் 212 லிட்டர், உபயோகப்படுறது 200தான். குச்சி விட்டுப் பார்த்துட்டு அதை காஜோட ஒப்பிடுங்க.

மலைமேல் இஞ்சின் நின்னா கணக்கு இப்படி: 68 நாட் (மணிக்கு 68 கடல்மைல்) வேகத்தில் மிதந்து இறங்கினா, காற்று இல்லாதபோது 1,000 அடிக்கு ஏறத்தாழ 1.5 கடல்மைல் (சுமார் 2.8 கிலோமீட்டர்) போகலாம். குன்னூர் மேலே 9,500 அடியில் இருந்தா மேட்டுப்பாளையம் சுமார் 17 கிலோமீட்டர், கணக்குப்படி எட்டும். ஊட்டி மேலேன்னா எட்டாது. அங்கேயே தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது 8,650 அடி. மேற்குக் காற்று பின்னால் இருந்து தள்ளும்தான், ஆனா சரிவின் கிழக்குப் பக்கம் கீழ்நோக்கியும் அடிக்கும், அதனால் அந்தக் கணக்கில் பாதியை மட்டும் நம்பி பாதை போடுங்க.