டிஎச்பி-1 செல்லுல பிசிஜி: 24 மணி நேரத்துல காலனியே இல்ல, ஏன்?

ராயபுரம்_மைக்ரோ:
டிஎச்பி-1 (மனுஷ ரத்தப் புற்றுநோய்ல இருந்து வளர்த்த செல்) செல்லை மேக்ரோபேஜா, அதாவது கிருமியை விழுங்கற செல்லா மாத்த, பிஎம்ஏ-ங்கற ரசாயனம் 100 நானோகிராம்/மி.லி., 48 மணி நேரம். அப்புறம் ஒரு செல்லுக்கு 10 பிசிஜி (காசநோய்த் தடுப்பூசியில இருக்கற வலு குறைஞ்ச பாக்டீரியா). 4 மணி நேரத்துல கழுவி, செல்லை உடைச்சு 7எச்10 அகார் பிளேட்ல போட்டா, ஒரே மாதிரி மூணு வெல்லுக்கும் எண்ணிக்கை தாறுமாறு. தொற்றுக்கு 24 மணி நேரம் கழிச்சு உடைச்ச செல்லோட பிளேட்ல ஒண்ணுமே முளைக்கல. மேக்ரோபேஜ் இவ்வளவு வேகமா கொல்லுமா? செல் வளர்க்கற மீடியம் ஆர்பிஎம்ஐ, 10% எஃப்பிஎஸ் (கன்றுக்கரு சீரம்), பென்-ஸ்ட்ரெப் (பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் கலவை).

ஓட்டேரி_பிளேட்:
கொன்னது மேக்ரோபேஜ் இல்லீங்க, பென்-ஸ்ட்ரெப். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் மருந்துதானே! முந்தின நாளே ஆன்டிபயாடிக் இல்லாத மீடியத்துக்கு மாத்துங்க, தொற்றுக்கு முன்னாடி ரெண்டு தடவை கழுவுங்க. ஐப்பசி மழையில பூஞ்சை வரும்னு பயந்து யாரும் அதை விட மாட்டேங்கறாங்க. பூஞ்சையை அது தொடவே தொடாது.

எண்ணிக்கை தாறுமாறா வர்றதுக்குக் காரணம், பாக்டீரியா ஒட்டிக்கிட்டுக் கட்டி கட்டியா இருக்கறது. பிசிஜியை 0.05% ட்வீன்-80 (சோப்பு மாதிரிப் பொருள்) கலந்த பிபிஎஸ் உப்புக் கரைசல்ல கலக்கி, 26 கேஜ் ஊசியில பத்து தடவை இழுத்துத் தள்ளுங்க. 200 ஜி-ல 5 நிமிஷம் சுத்தி, மேல நிக்கறதை மட்டும் எடுங்க. அதுல ஒரு சொட்டு எடுத்து, ஜீல்-நீல்சன் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்புல பாருங்க: சிவப்புக் கம்பி கம்பியா பின்னிக் கிடந்தா திரும்பவும் ஊசி.

பிஎம்ஏ-வும் அதிகம், அதுவே செல்லை முடுக்கி விட்டுடும். 20–25 நானோகிராம் போதும், அப்புறம் 24 மணி நேரம் பிஎம்ஏ இல்லாம ஓய்வு.

பெரம்பூர்_செல்:
வெப்பத்துல கொன்ன பிசிஜியையும் ஒரு வெல்லுல வைங்க. அது லைசோசோமுக்கு (செல்லோட செரிமானப் பை) போய்ச் சேரும். உயிரோட இருக்கறது ஃபாகோசோமை (விழுங்கின கிருமி இருக்கற பை) முத்த விடாது, பிஎச் 6.2–6.4-லயே நிக்கும். ஆனா பிசிஜிக்கு ஆர்டி1-ங்கற மரபணுப் பகுதி கிடையாது. ஈசாட்-6 புரதம் சுரந்து ஃபாகோசோமைக் கிழிக்கற வேலை அதால ஆகாது. அதனால செல் சாவு பத்தி இதுல வர்ற முடிவை எச்37ஆர்வி-க்கு (நோய் உண்டாக்கற காசநோய்க் கிருமி வகை) ஏத்தாதீங்க.

ராயபுரம்_மைக்ரோ:
நன்றிங்க. மேக்ரோபேஜை முடுக்கற இன்டர்ஃபெரான் காமா கொடுத்தும் எண்ணிக்கை குறையலன்னா?

ஓட்டேரி_பிளேட்:
எலி செல் கணக்கை இங்க போடாதீங்க. எலி மேக்ரோபேஜ் நைட்ரிக் ஆக்சைடு கொட்டும், மனுஷ செல்லுல அது சொற்பம். இங்க வைட்டமின் டி வழியா வர்ற, கிருமியைக் கொல்லற கேத்தலிசிடின்தான் முக்கியம். எஃப்பிஎஸ்-ல வைட்டமின் டி கம்மி. வைட்டமின் டி போதுமான அளவு இருக்கற மனித சீரம் வெச்சு ஒரு வெல் தனியா ஓட்டிப் பாருங்க. பிளேட்டை மூணு வாரத்துக்கு முன்னாடி எண்ணாதீங்க, காயாம பாலித்தீன் பையில கட்டி வைங்க.