குலசேகரத்து ரப்பர் கடையும் பேரலல் போர்ட்டும்

மாமா குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடுக்கிற கடை வைத்திருக்கிறார். பில்லுக்கு ஒரு மூலமும் இரண்டு கார்பன் நகலும் வேண்டும், அதனால் ஊசியால் தாளில் அடித்து எழுதும் 9 ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை விடவே மாட்டார். மழைக்கால ஈரத்தில் பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது, புதியதில் அந்தப் பிரிண்டரை மாட்டும் 25 பின் பேரலல் போர்ட்டே கிடையாது. அந்தப் போர்ட் உள்ள பிசிஐ கார்டு ஒன்றைச் செருகி லினக்ஸ் போட்டேன். "மக்ளே, சாயங்காலத்துக்குள்ள பில்லு வருமா?" என்று மாமா நாலு தடவை கேட்டுவிட்டார்.

எடுத்த எடுப்பில் கப்ஸுக்கு (லினக்ஸின் பிரிண்ட் அமைப்பு, CUPS) போகாதீர்கள், நான் போய் அரை நாள் விரயம். முதலில் டிமெஸ்ஜி (dmesg) அடித்து லினக்ஸ் கெர்னலின் செய்திகளைப் பாருங்கள். எனக்கு பார்போர்ட்0 என்று பேரலல் போர்ட் வந்திருந்தது, முகவரி மட்டும் மதர்போர்டு போர்ட்டுக்கு வழக்கமாக வரும் 378 இல்லை. பிசிஐ கார்டு என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் சாதனக் கோப்புகள் இருக்கும் டெவ்வுக்குள் (/dev) பிரிண்டருக்கான எல்பி0 (lp0) இல்லை, மாட்புரோப் எல்பி (modprobe lp) என்று அடித்து அதன் டிரைவரை ஏற்றிய பிறகுதான் வந்தது. அப்புறம் ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) இருந்து எக்கோ (echo) கட்டளையில் இரண்டு வரியை நேரே எல்பி0-க்கு அனுப்பினேன். தலை கர்ரென்று ஓடியது, இரண்டாவது வரி முதல் வரி முடிந்த இடத்துக்குக் கீழே மாடிப்படி மாதிரி விழுந்தது. லினக்ஸ் வரி முடிவில் அடுத்த வரிக்கு இறக்கும் லைன் ஃபீட் மட்டும்தான் போடும், தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவரும் கேரேஜ் ரிட்டர்ன் போடாது, அதுதான் காரணம். அந்தப் படியைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது, கேபிளும் போர்ட்டும் சரி என்று தெரிந்துவிட்டதே.

மாட்டிக்கொண்டது, கப்ஸில் பிரிண்டரைச் சேர்க்கும் எல்பிஅட்மின் (lpadmin) கட்டளையில். பெரிய எழுத்து -ஈ-யை (-E), பிரிண்டர் பெயர் சொல்லும் -பி-க்கு (-p) முன்னால் போட்டிருந்தேன். முன்னால் வந்தால் அதற்கு என்கிரிப்ஷன் என்று அர்த்தம், பின்னால் வந்தால்தான் பிரிண்டரைத் திறந்து வேலையை வாங்கிக்கொள்ளும். நிலையைக் காட்டும் எல்பிஸ்டாட் -டி (lpstat -t) அடித்தபோதுதான் பிரிண்டர் டிசேபிள்ட் என்று நிற்பது தெரிந்தது. இடம் மாற்றி, பேரலல்:/டெவ்/எல்பி0 என்றும் டிரைவர் எப்சன் 9-பின் என்றும் கொடுத்ததும் பில் வந்தது. மாமா மூன்றாவது தாளைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்து, எடை எண் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்.

— தோவாளையிலிருந்து இன்னொருவர்:

அண்ணே, எங்கள் பூக்கடையில் இது தலைகீழ். பில்லிங் பழைய டாஸ் புரோகிராம், அதற்கு எல்பிடி1 (LPT1, முதல் பேரலல் போர்ட்டின் பெயர்) தவிர எதுவும் தெரியாது, பிரிண்டரோ யுஎஸ்பி. விண்டோஸில் பிரிண்டரை ஷேர் பண்ணி, நெட் யூஸ் எல்பிடி1 (net use LPT1) என்று அடித்து, கம்ப்யூட்டர் பெயரும் ஷேர் பெயரும் கொடுத்தேன், ஓடுகிறது. கம்ப்யூட்டரை மறுபடி போட்டாலும் இணைப்பு நிற்க, கடைசியில் பெர்சிஸ்டென்ட் யெஸ் (/persistent:yes) சேர்க்க மறந்துவிடாதீர்கள். நான் மறந்து, மறுநாள் விடியற்காலை பூ இறங்கும் நேரத்தில் கையால் பில் எழுதினோம்.